அம்மா தட்டில் விழுந்த பருப்பு

போன தை மாதம் வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தவர், எழுந்திருக்க இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். முடியவில்லை. தூணைப் பிடித்து, என் தோளைப் பிடித்து, மூன்றாவது முறைதான் எழுந்தார். வயது 63. சர்க்கரை இல்லை, மூட்டுவலி என்று பெரிதாக எதுவும் இல்லை. வேலூரில் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "தினமும் என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

அம்மா சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டையை அடைத்தது. காலையில் இரண்டு இட்லி. மதியம் சோறு, ரசம், ஊறுகாய். ராத்திரி அதே சோற்றில் மோர். குழம்பு வைத்த நாளில் சட்டியின் அடியில் தங்கும் பருப்பைக் கரண்டியால் துழாவித் துழாவி அப்பாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போட்டுவிடுவார். மேலே தெளிந்து நிற்கும் தண்ணிதான் அவருக்கு. முட்டை கேட்டால், "எனக்கு இன்னாத்துக்குடி முட்டை? புள்ளைங்க தின்னட்டும்" என்பார். நாற்பது வருடமாக இதுதான். நானும் அந்தப் பருப்பைத் தின்று வளர்ந்தவள்தான்.

அம்மா தட்டில் குறைந்தது புரதம்தான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். அம்மா 50 கிலோ, அப்படியென்றால் 41, 42 கிராம். அவர் சாப்பிட்டதை எப்படிக் கூட்டினாலும் 25ஐ ஒட்டித்தான் வந்தது. கொழுப்பை உடம்பு சேர்த்து வைக்கும். புரதத்துக்கு அப்படித் தனிச் சேமிப்பு கிடையாது. போதாவிட்டால் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். தொடை மெலிவதும், தரையிலிருந்து எழ முடியாமல் போவதும் அதனால்தான். வயதானால் தசை தானாகவே குறையும் என்பதால் அவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் நிறைய. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

சோற்றில் புரதம் இல்லாமல் இல்லை. ஆனால் புரதம் அமினோ அமிலங்களால் ஆனது, அவற்றில் லைசின் என்பது சோற்றில் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. இட்லிக்கு உளுந்தும் பொங்கலுக்குப் பாசிப்பருப்பும் சேர்த்த நம் பாட்டிமார் சரியாகத்தான் சேர்த்தார்கள். அளவுதான் போதவில்லை. ரேஷனில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் பருப்பு, அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. பள்ளியில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுப்பதை மனதாரப் பாராட்டுகிறேன். அதே அக்கறையோடு இந்தப் பருப்பின் அளவையும் கூட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

தம்பி டப்பாவில் விற்கும் புரோட்டீன் மாவு வாங்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். நம் கொல்லையில் விளையும் மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம். மூட்டை மூட்டையாகச் செக்குக்குப் போகிறது, அம்மா வாயில் ஒரு பிடி போவதில்லை. அன்றைக்கு முறத்தில் இருந்த கொள்ளில் 22 கிராம். அதை மாட்டுக்கு வேகவைக்கத்தான் புடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது காலையில் ஒரு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் கொள்ளுச் சுண்டலோ அவித்த மல்லாட்டையோ. அப்புறம் நாற்காலியிலிருந்து காலையும் மாலையும் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் கூட்டினால் போதாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் போனில், "கொள்ளுல தேங்கா துருவிப் போட்டா நல்லாதான் கீதுடி" என்றார். தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்துவிடுகிறாராம். முதலில் சாப்பிடச் சொன்னால் மட்டும் இன்னும் கேட்பதில்லை. அப்பாவோடு சேர்ந்து உட்காருகிறார், அதுவரைக்கும் வந்திருக்கிறது.