ஆக்சிஜன் உருளையைக் கணக்கில் எழுதுகிறோம், தாதியை ஏன் எழுதுவதில்லை?

போன மாதம் அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. இங்கே சிங்கப்பூரில்தான், ஆறு பேர் படுக்கிற வார்டு. ராத்திரிப் பணியில் இருந்த தாதி மியன்மார்ப் பெண். தமிழில் நாலு வார்த்தை தெரிந்து வைத்திருந்தார்: வலி, தண்ணி, சாப்பாடு, தூங்கு. மரியாதை விகுதியை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. இரவு 2 மணிக்குப் போர்வையை இழுத்துவிட்டு "அம்மா, தூங்கு!" என்றாராம். "என் மாமியார்கூட என்னை இப்படி அதட்டினதில்லடா" என்று காலையில் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அதே வாரம் நண்பர் ஒருவர், உலகச் சுகாதாரத்துக்கு நம் குட்டி நாடு என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று பட்டியல் போட்டிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. 2003 சார்ஸில் இங்கே 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள், அவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. பட்ட அடியை நாடு மறக்கவில்லை. தொற்றுநோய்க்கென்றே 330 படுக்கைகளோடு தேசிய நிலையம் கட்டி 2019-ல் திறந்தார்கள், சில மாதத்தில் கோவிட் வந்து நின்றது. ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி போய்ச் சேர வேண்டும் என்ற கோவாக்ஸ் முயற்சிக்கு ஆதரவு திரட்டிய நாடுகளின் குழுவுக்கு சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து தலைமை தாங்கியது சிங்கப்பூர். 2021 ஏப்ரல் 28 அன்று 256 ஆக்சிஜன் உருளைகளை ஏற்றிக்கொண்டு நம் ஆகாயப்படை விமானங்கள் இரண்டு மேற்கு வங்கத்துக்குப் பறந்தன. அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

சரி, கொடுத்தது இவ்வளவு. வாங்கியது?

பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா, மலேசியா என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இல்லாமல் இங்கே ஒரு வார்டும் ஓடாது. 2020 கடைசியில், வெளிநாடு போகிற தாதியருக்கு வருஷத்துக்கு 5,000 பேர் என்று பிலிப்பீன்ஸ் உச்சவரம்பு வைத்தது. உலகம் முழுக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த 5,000. இந்த ஒரு தீவோ 2023-க்குள் சுமார் 4,000 புதுத் தாதியரைச் சேர்க்கப் போவதாக அறிவித்தது. அதில் உள்ளூர்ப் பிள்ளைகளும் அடக்கம்தான், இருந்தாலும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணைப் படிக்கவைத்தது அவர் வீடும் அவர் ஊரும். பலன் நமக்கு. இது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

"யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, நல்ல சம்பளத்துக்கு வருகிறார்கள்" என்பீர்கள். உண்மைதான், வரக் கூடாது என்று சொல்ல நான் யார்? என் அப்பாவும் சம்பளத்துக்குக் கப்பலேறி வந்தவர்தான். ஆனால் இங்கே பழகிய தாதியர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பியபோது நாம் எப்படிப் புலம்பினோம்! நமக்கு வந்தால் இழப்பு, மணிலாவுக்கு வந்தால் வாய்ப்பா?

விடுதிகளையும் சொல்லிவிடுகிறேன். 2020 முடிவதற்குள், தங்கும் விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 வெளிநாட்டு ஊழியர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்றியிருந்தது. பங்களாதேஷிகளும் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பையன்களும்தான் அங்கே அடுக்குக் கட்டிலில் கிடந்தார்கள். கவனித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், உயிரிழப்பு மிகக் குறைவு, அதை மறுக்க முடியாது. ஆனால் பக்கத்து நாட்டுக்கு உதவுவது பற்றிப் பேசும்போது, பக்கத்து நாட்டுக்காரன் நம் வாசலுக்குள்ளேயே ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேராக இருந்ததை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு தாதியை எடுத்தால், அங்கே இன்னொருவர் படிக்கிற செலவை நாம் கட்டலாம். அந்த ஊர்த் தாதியர் பள்ளிக்கு நேராகவே போகட்டும். பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அம்மா இப்போது வீட்டில் கைத்தடியோடு நடக்கிறார். கிளம்புகிற அன்று அந்தப் பெண்ணை உட்காரவைத்து "தூங்குங்க" சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியிடம் போய் "தூங்குங்க" என்றாராம்.