மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்தால் நல்ல கார் என்பது தவறு

"பழைய சின்ன கார் வாங்கும்போது மீட்டரை மட்டும் பாருங்கள், குறைவாக ஓடிய வண்டி ஏமாற்றாது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. கையில் இருக்கும் சேமிப்பை எண்ணிச் செலவழிப்பவர்களைத்தான் இது அதிகம் பாதிக்கும்.

மீட்டர் எண்ணைத் திருத்த முடியும்; டிஜிட்டல் மீட்டரும் விதிவிலக்கல்ல. எண் உண்மையாகவே இருந்தாலும், நின்றுகொண்டே இருக்கும் வண்டியும் கெடும். ரப்பர் குழாய்கள், டைமிங் பெல்ட் (எஞ்சின் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட்டும் ரப்பர் பட்டை), டயர் எல்லாம் வயதாலேயே இறுகி விரிசல் விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். எப்போதும் ஓரிரு கிலோமீட்டர் மட்டுமே ஓடிய எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை; ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். ஒழுங்காக சர்வீஸ் செய்து, நெடுஞ்சாலையில் 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியே இதைவிட மேல் என்பேன்.

சர்வீஸ் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியாக நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். விலை பேசுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கட்டும். அந்தக் கூலியில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.