லைட் ஸ்விட்சுக்கு ட்ரிகர் விரலைக் கொண்டுபோகாதீர்கள்

பிஸ்டலுக்கு அடியில் லைட் மாட்டினால் பிடியை மாற்ற வேண்டாம், ட்ரிகர் விரலை நீட்டி ஸ்விட்சைத் தட்டினால் போதும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிப் பழகாதீர்கள். பதற்றத்தில் ஸ்விட்சைத் தேடுகிற விரல் ட்ரிகரில் போய் விழும்; அமெரிக்காவில் போலீஸ்காரர்களே லைட் போடப் போய்ச் சுட்டிருக்கிறார்கள். சுடுவது என்று முடிவாகும் வரை அந்த விரல் ட்ரிகரைத் தொடாமல், அதற்கு மேல்புறம் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டிக் கிடக்க வேண்டும். வலது கைக்காரருக்கு ஸ்விட்ச் இடது கட்டைவிரலின் வேலை. எட்டவில்லையா, இடது கையை மட்டும் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள், வலது கைப் பிடி அசையவே கூடாது, அப்படியும் எட்டாவிட்டால் வேறு மாதிரி ஸ்விட்ச் உள்ள லைட்டைப் பாருங்கள். குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பழகுங்கள்.

அப்புறம், லைட் போகிற திசையில்தான் குழலும் போகும். எங்கள் மன்னார்குடிப் பக்கம் ராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் மோட்டார் போட ஆள் கொல்லைப்புறமாகத்தான் போவார்கள். சத்தம் கேட்டதும் பிஸ்டல் லைட்டை அடித்தால் பக்கத்து வீட்டு அண்ணன் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கி நீட்டியதாக ஆகிவிடும். யாரென்று பார்க்கத் தனி டார்ச் வேண்டும். இங்கே லைசன்ஸில் பலர் வைத்திருக்கிற பழைய .32 ரிவால்வரில் லைட் மாட்ட இடமே கிடையாது.