ஆரஞ்சு டயல் சீகோவா? முதலில் ஆறு மணிக்குக் கீழே பாருங்கள்

1970களின் சீகோ 5 என்ற ஜப்பானியக் கைக்கடிகாரம் ஒன்று ஆன்லைனில் விற்பனைக்கு வருகிறது. கேஸ், அதாவது வெளிக்கூடு, முழுக்கத் தழும்பு. டயல் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல். சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடித்திருப்பார்கள். ஜப்பானிலேயே அழகழகான நிறங்களில் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிறம் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு ஆதாரம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

பின்மூடியில் இருக்கும் எண்ணின் முதல் நாலு இலக்கம் இயந்திரத்தைக் குறிக்கும். அதே நாலு இலக்கம் டயலின் விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (சிறிய பூதக்கண்ணாடி) வைத்து, கடிகாரத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். டயலில் அதற்கடுத்த இலக்கங்கள் பின்மூடி எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பலர் இங்கே பயந்து நல்ல கடிகாரத்தை விட்டுவிடுகிறார்கள். முதல் நாலு மாறினால்தான் வில்லங்கம். 6119 சீகோவின் சுவா தொழிற்சாலை இயந்திரம், 7009 அதன் இன்னொரு தொழிற்சாலையான டைனியுடையது. 6119 கேஸில் 7009 டயல் உட்கார்ந்திருந்தால், டயலை இயந்திரத்தில் பொருத்தும் சிறு கால்களை வெட்டிப் பசையில் ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். பசை விட்டதும் டயல் நகரும், தேதி கட்டத்தின் நடுவில் நிற்காது. எண்ணே இல்லாமல் மொட்டையாக இருந்தால் ரீடயல், அதாவது மறுபடி பெயின்ட் அடித்த டயல், என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தேதிக் கட்டத்தின் ஓரம். ஒரிஜினலில் அது கூர்மையாக வெட்டியிருக்கும். பெயின்ட் ஏறியதில் மூலைகள் மழுங்கி, உள்சுவரில் நிறம் வழிந்திருக்கும். மணிக்குறிகளின் அடியிலும் பெயின்ட் குழம்பாகத் தேங்கி நிற்கும். சன்பர்ஸ்ட் டயலில் நடுவிலிருந்து கதிர் போலப் பரவும் கோடுகள் உலோகத்திலேயே இழைத்தவை, நிறம் அதன்மேல் மெல்லிய படலம். அதனால் சாய்க்கும்போது ஒளி விசிறி போலச் சுற்றி வரும். பாலிஷ் போட்டதும் அந்தக் கோடுகள் போய்விடும். பிறகு எந்த நிறம் அடித்தாலும் தட்டையாகத்தான் தெரியும்.

சுவிஸ் கடிகாரம் என்றால் ஒளிரும் பூச்சையும் பாருங்கள். நம்மூரில் இருட்டில் ஒளிரும் எதையும் ரேடியம் என்றே சொல்கிறோம். பழைய சுவிஸ் டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்றிருந்தால் பூச்சில் இருப்பது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள், அரை ஆயுள் 12.3 வருடம், அதாவது அவ்வளவு காலத்தில் பாதி தேய்ந்துவிடும். 1970களில் பூசியது இன்று டார்ச் காட்டியபின் மணிக்கணக்கில் பிரகாசித்தால் பூச்சு புதியது.

விற்பவரிடம் பின்மூடி, இயந்திரம், ஆறு மணி விளிம்பு, சாய்த்து எடுத்த தேதிக் கட்டம் என நாலு படம் கேளுங்கள். ரீடயல் என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் தாராளமாக வாங்கலாம். படம் தராமல் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் பழைய சீகோ இருந்து சர்வீஸுக்குக் கொடுத்தால், ‘டயலைத் துடைக்க வேண்டாம், பெயின்ட் வேண்டாம்’ என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். துடைக்கும் திரவம் பட்டு எழுத்து கரைந்துவிட்டால் அப்புறம் ரீடயல்தான் வழி என்பார்கள்.