மாமனார் வீட்டு மவுஸ்

(தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. கரண்ட் பில், ரேஷன் கார்டு திருத்தம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் இங்கேதான். கடைக்காரர் ரமணி. சட்டைப் பையில் டெஸ்டரைச் சொருகிக்கொண்டு எலக்ட்ரீசியன் சேகர் வருகிறார். வயரிங் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்கும் என்று அவர் சொந்தபந்தம் தீர்ப்பு எழுதிப் பல வருஷம் ஆகிறது. அப்பீல் கிடையாது.)

சேகர்: அக்கா, எங்கியோ கீற கம்ப்யூட்டர இங்க குந்திகினே நோண்டலாமாமே. அந்த சாப்ட்வேர் எதுனா நல்லதா ஒண்ணு சொல்லேன்.

ரமணி: யாரு கம்ப்யூட்டர நோண்டப் போற?

சேகர்: ஆரணில மாமனாரு, பொன்னேரில பெரியம்மா, கும்மிடிப்பூண்டில மச்சான். ஒருத்தருக்கு பிரிண்டர் ஓடல, ஒருத்தருக்கு சவுண்டு வரல. போன்ல சொல்லிச் சொல்லி தொண்டத் தண்ணி வத்திப்போச்சுக்கா. நேத்து மாமனார்கிட்ட, "ரைட் கிளிக் பண்ணுங்க மாமா"ன்னேன். "பண்ணிட்டேன் மாப்ள"ன்றாரு. "இன்னா வந்துச்சு?" "ஒண்ணும் வரல." அரை மணி நேரம் இதே பாட்டு. கடைசில விசாரிச்சா, மவுஸ எடுத்து டேபிள்ல வலது பக்கமா வெச்சிகினு கிளிக் பண்றாரு.

ரமணி: சொன்னதத்தான செஞ்சாரு மனுஷன்.

சேகர்: விண்டோஸ்லயே ரிமோட் டெஸ்க்டாப்னு ஒண்ணு கீது, வேற எதுவும் வாணாம்னு ஒருத்தன் சொன்னான்.

ரமணி: மாமனாரு மிஷின்ல கீற விண்டோஸு ஹோம் எடிஷனா, புரோவா?

சேகர்: வூட்லதான கீது. ஹோமாத்தான் இருக்கும்.

ரமணி: காரணம் தப்பு, பதில் சரியா இருக்கும். ஹோம் எடிஷன்ல இருந்து அடுத்தவன் மிஷினுக்குப் போலாம். அடுத்தவன உள்ள விடாது. புரோவா இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். அதுக்கு ரவுட்டர்ல 3389னு ஒரு போர்ட்ட, அதாவது நெட்டு வழியா உள்ள வர்ற கதவ, தொறந்து வெக்கணும். தொறந்தன்னா, நீ போறதுக்குள்ள உலகத்துல கீற திருட்டுப் பசங்க பூரா வந்து தட்டிப் பாத்துட்டுப் போவான்.

சேகர்: அப்ப டீம்வியூவர்?

ரமணி: ஜெர்மன்காரன் சரக்கு. 2005ல ஆரம்பிச்ச கம்பெனி. சொந்த உபயோகத்துக்குக் காசு இல்ல. ஆனா நீ பத்து மிஷினுக்குள்ள போய்ப் போய் வந்தன்னு வெய்யி, "இவன் இத வெச்சி தொழில் பண்றான்"னு சந்தேகப்படும். அப்பால நீ காசு வாங்கலன்னு எழுதிக் குடுக்கணும்.

சேகர்: காசா? போன மாசம் பெரியம்மா வூட்ல பேன் மாட்டிக் குடுத்தேன். ரெண்டு முருங்கக்கா குடுத்துச்சு. அதுல ஒண்ணு முத்தல்.

ரமணி: அத எழுதாத. வருமானம்னு கணக்குல வந்துரும்.

(ஒருவர் ஆதார் கார்டை நீட்டுகிறார். ரமணி முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுத்துக் கொடுக்கிறார். "கலர்லயா?" என்று அவர் கேட்பது வேலை முடிந்த பிறகு. இந்தக் கடையில் அப்படித்தான்.)

சேகர்: எனிடெஸ்க்? நம்பரச் சொன்னாப் போதுமாமே.

ரமணி: அதுவும் ஜெர்மன்தான். ஆனா நம்பர அவரு உனக்குச் சொல்லணும்.

சேகர்: அங்கதான்கா இடிக்குது. ஒரு தபா மச்சான் போட்டுக் குடுத்தான். ஒம்போது நம்பரு. "ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க மாமா"ன்னேன். அவரு ரிட்டையர்டு கேஷியராச்சே. "அறுவத்தி மூணு கோடியே, எழுவத்தோரு லட்சத்து, நாப்பத்தெட்டாயிரத்து..."ன்னு இழுத்துகினே போறாரு. நான் எத்தினி சைபர் போடணும்னு வெரல் வுட்டு எண்ணிகினு கீறேன். அவரு "மாத்திரம்"னு முடிச்சிட்டாரு.

ரமணி: செக் எழுதுற பழக்கம், விடுமா? அந்த சாப்ட்வேர் மேல குத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா 2019லயே ரிசர்வ் பேங்க் அத வெச்சி நடக்குற மோசடிய சொல்லி எச்சரிக்கை வுட்டுச்சு. "பேங்க்ல இருந்து பேசறோம்"னு சொல்லி, ஆப்பை ஏத்த வெச்சி, நம்பரக் கேட்டு வாங்கி, போனுக்குள்ள பூந்து யுபிஐல காச இஸ்துகினு போனானுங்க.

சேகர்: எங்க மாமனாரு நம்பர் சொல்ற லட்சணத்துக்குத் திருடனே ஓடிருவான்.

ரமணி: அப்புறம் ரஸ்ட்டெஸ்க்னு ஒண்ணு. ஓப்பன் சோர்ஸ், புரோகிராம யாரு வேணா தொறந்து பாக்கலாம், காசு இல்ல. உன் சொந்த சர்வரே, அதான் நடுவுல இணைச்சு வுடற கம்ப்யூட்டரே, வெச்சிக்கலாம்.

சேகர்: எங்க வெக்கறது? பீரோவே பாதி வராண்டால கீது.

ரமணி: குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போடேன். ஒரு தபா நேர்ல போய் செட் பண்ணி, ஆறு இலக்கத்துல ஒரு பின் வெச்சிட்டு வந்துட்டா, அப்புறம் அவரு ஒண்ணும் தொட வாணாம். நீயா உள்ள போய்க்கலாம்.

சேகர்: அக்கா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா?

ரமணி: மிஷினு ஆன்ல இருக்கணும்.

சேகர்: போச்சு. சீரியல் முடிஞ்சதும் மெயின் சுச்சயே அமுத்திட்டுப் படுக்குற ஆளு அவரு. அந்த வூட்ல பிரிட்ஜே பயந்துகினுதான் ஓடுது. இன்னொண்ணும் கீதுக்கா. மச்சான் போட்டுக் குடுத்தப்ப உள்ள போயி மவுஸ நவுத்துனேனா, "மாப்ள, தானா ஓடுது"ன்னு கத்திகினு இவரு ரெண்டு கையாலயும் மவுஸ அமுக்கிப் புடிக்கிறாரு. நான் இந்தாண்ட இஸ்க்க, அவரு அந்தாண்ட இஸ்க்க, காசிமேட்டுல வல இஸ்க்கற மாதிரி ஆயிப்போச்சு. நடுவுல எதையோ தட்டி, அத்தையோட காசி யாத்திரை போட்டோ போல்டர் டெஸ்க்டாப்ல இருந்து காணாமப் போச்சு.

ரமணி: ரீசைக்கிள் பின்ல பாத்தியா?

சேகர்: அதுல பாக்கச் சொல்லித்தான் ரைட் கிளிக்கே.

ரமணி: (தலையில் கை வைத்து) சரி, கேளு. உனக்கு குயிக் அசிஸ்ட்தான். விண்டோஸ் பத்து, பதினொண்ணோடயே வருது. கண்ட்ரோல், விண்டோஸ் பட்டன், க்யூ மூணையும் சேத்து அமுத்துனா தொறக்கும். உனக்கு மட்டும் ஒரு மைக்ரோசாப்ட் அக்கவுண்டு வேணும், அவருக்கு வாணாம். உள்ள போறதுக்கான செக்யூரிட்டி கோடு உன் ஸ்கிரீன்லதான் வரும். நீ சொல்லணும், அவரு அடிக்கணும். கோடி, லட்சம் பேச்சுக்கே எடம் இல்ல.

சேகர்: ஆஹா.

ரமணி: கோடு பத்து நிமிஷந்தான் செல்லும்.

சேகர்: கண்ணாடி தேடவே எட்டு நிமிஷம் ஆவும்.

ரமணி: கண்ணாடிய மாட்டிகினு போன் பண்ணச் சொல்லு. கோடு அடிச்சப்புறம் "இவர உள்ள விடட்டுமா"ன்னு கேக்கும், அவரு சரின்னு அமுத்தணும். மவுஸ உன் கைல குடுக்கறதுக்கு இன்னொரு தபா கேக்கும். எதுனா புதுசா ஏத்தறப்ப "அனுமதிக்கவா"ன்னு ஒரு பொட்டி வரும் பாரு, அப்ப உனக்கு ஸ்கிரீன் கருப்பாயிடும். பயப்படாத. அவரு ஸ்கிரீன்ல தெரியும். "எஸ்" குத்தச் சொல்லு.

சேகர்: பெரியம்மாவுக்கும் இதே போதுமா? அங்க கீறது அண்ணன் பொண்ணுக்கு பிளஸ் டூல கவர்மெண்டு குடுத்த லேப்டாப்பு. விண்டோஸ் செவன்.

ரமணி: அதுல இது கெடையாது. செவனுக்கு 2020 ஜனவரியோட கம்பெனியே கைகழுவிடுச்சு. அத வெச்சி பேங்க் வேலை ஒண்ணும் பாக்க வாணாம்னு மட்டும் பெரியம்மாகிட்ட சொல்லிடு.

சேகர்: பெரியம்மா அதுல சீட்டுதான்கா வெளயாடுது. சரி, நெட்டு வரலன்னா எந்த சாப்ட்வேரு?

ரமணி: நெட்டு வரலன்னா நீ எப்டிடா உள்ள போவ?

சேகர்: மாமனாரு பாதி நாளு அதுக்குத்தான போன் பண்றாரு.

(ரமணி பதில் சொல்லாமல் லேமினேஷன் மிஷினைத் துடைக்கிறார்.)

ரமணி: அத விடு. இத்த காதுல வாங்கிக்க. நீ கோடு சொன்னா அவரு அடிப்பாரு. நாளைக்கு எவனோ ஒருத்தன் "சார், மைக்ரோசாப்ட்ல இருந்து பேசறோம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்"ன்னு கோடு சொன்னா, அவனுக்கும் அடிப்பாரு. பழக்கி வுட்டது நீதான்.

சேகர்: என்னாக்கா, வயித்துல புளியக் கரைக்கிற.

ரமணி: கம்ப்யூட்டர்னு யாரு பேசுனாலும் கட் பண்ணிட்டு, அவரே உன் நம்பருக்குத் திரும்பப் போடணும். அதுக்கு மேல, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வி ஒண்ணு கேக்கணும். குரலக்கூட இப்ப மிஷின்லயே செஞ்சிடறானுங்க. பதில் தப்பா வந்தா கோடும் கெடையாது ஒண்ணும் கெடையாது. காசு போயிட்டா ஒடனே 1930க்கு போன் போடணும், சைபர் மோசடி புகார் நம்பரு. அதையும் செவுத்துல எழுதி ஒட்டச் சொல்லு.

சேகர்: சூப்பர்கா. இப்பவே சொல்லிடறேன். (போன் போடுகிறார்) மாமா, சேகர் பேசறேன். இனிமே நான் உங்க கம்ப்யூட்டருக்குள்ள வரணும்னா, நீங்க ஒரு கேள்வி கேக்கணும். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதா... ஆமா, தப்பா சொன்னா அவன் திருடன்... ஆமா, 1930... இப்பவேவா? கேளுங்க மாமா. (முகம் சுருங்குகிறது) மாமா, வேற கேளுங்களேன்... இல்ல மாமா, பக்கத்துல ஆளு கீறாங்க...

ரமணி: இன்னா கேக்குறாரு?

சேகர்: (போனைக் கையால் பொத்தி) பைக் வாங்கக் குடுத்த பணம், பாக்கி எவ்ளோன்னு.

ரமணி: அருமையான கேள்வி. உங்க ரெண்டு பேருக்குத்தான தெரியும்.

சேகர்: (சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மெதுவாக) முப்பதாயிரம் மாமா... நாப்பதா? பத்துதான் தீவாளிக்கே குடுத்தாச்சே... உங்க பொண்ணு கைல குடுத்து அனுப்புனேன் மாமா... ஹலோ? ஹலோ?

ரமணி: இன்னாடா ஆச்சு?

சேகர்: "எம் மாப்ளையா இருந்தா நாப்பதுன்னு சொல்லியிருப்பான், நீ எவன்டா"ன்னு வெச்சிட்டாரு.

ரமணி: கேஷியருன்னா கேஷியருதான்யா.

(சேகரின் போன் அடிக்கிறது.)

சேகர்: வூட்ல இருந்து. (எடுத்து) சொல்லும்மா... நான்தான் பேசறேன்... நானேதான்... போன எவனும் திருடல... இன்னாது, உங்கப்பா 1930க்குப் போட்டுட்டாரா? அத விடு. தீவாளிக்கு உன் கைல குடுத்தனே பத்தாயிரம், அத அவருகிட்ட குடுத்தியா இல்லியா?... ஹலோ? ஹலோ?

ரமணி: அவங்களும் கேள்வி கேட்டாங்களா?

சேகர்: இல்லக்கா. நான்தான் கேட்டேன்.