அப்பா சீவி வச்ச பென்சில்

'வாழ்க்கைல ஒவ்வொரு நொடியும் நமக்கு ஒரு பாடம்' அப்படின்னு நேத்து ஒரு பதிவு கண்ணுல பட்டுச்சு. எனக்கு இந்த வரி மேல ரொம்ப நாளாவே ஒரு கடுப்பு. கண்ணாடி தலை மேலயே இருக்கறது தெரியாம வீடு பூரா தேடுறேன், இதுல என்னங்க பாடம்? ஒண்ணும் கிடையாது, கண்ணாடி கிடைச்சுது அவ்ளோதான்.

அதுக்காக சாதாரண நாளுக்கு அர்த்தமே இல்லன்னு சொல்ல வரல. இருக்கு. ஆனா அது அந்த நாளுக்குள்ள ரெடியா உக்காந்திருக்குன்னு எனக்குத் தோணல, நாமதான் பல வருஷம் கழிச்சுப் போய் அதுல எதையோ வச்சுட்டு வர்றோம். இத சொல்றதுக்கு எனக்கு ஒரு பென்சில் கதை இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். மறுநாள் பரீட்சை. நடு ராத்திரில முழிப்பு வந்து பாத்தா அப்பா தரைல பழைய பேப்பர விரிச்சு உக்காந்து என் பென்சில் எல்லாத்தையும் பிளேடு வச்சு சீவிக்கிட்டு இருக்கார், நான் எந்திரிச்சுடக் கூடாதுன்னு சத்தமே வராம மெதுவா, ஒவ்வொண்ணையும் சீவி முடிச்சு முனைய கட்டைவிரல்ல தொட்டுப் பாத்து வரிசையா வைக்கிறார். நான் திரும்ப கண்ண மூடிக்கிட்டேன். சம்பவம் இவ்ளோதான், இதுக்கு மேல ஒரு வரி கூட கிடையாது.

சின்ன வயசுல இத நெனச்சா 'அப்பாவுக்கு என் மேல எவ்ளோ பாசம்'னு தோணும். இருபத்தஞ்சு வயசுல எனக்கும் அவருக்கும் எதுக்கெடுத்தாலும் சண்டை, வேலை, கல்யாணம், முடி வெட்டுறது வரைக்கும். அப்போ இதே பென்சில் எனக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. இந்த மனுஷன் ஒரு பென்சில் சீவுறதுக்குக் கூட என்னை நம்பலயேன்னு. ஒரு நாள் கோவத்துல இதை அவர் மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன். அவர் பதில் சொல்லல, எந்திரிச்சு வெளிய போயிட்டார். இன்னைக்கு வரைக்கும் நான் திரும்ப வாங்க நெனைக்கிற வார்த்தைகள்ல அது ஒண்ணு.

அப்புறம் நாப்பது தாண்டினதுக்கு அப்புறம் ஒரு ராத்திரி. ஆபீஸ்ல ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு, தூக்கம் வரல, ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து பொண்ணோட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுக்கிட்டு இருக்கேன், அவ கேக்கவே இல்ல, ஸ்கூல் திறக்கவே இன்னும் பத்து நாள் இருக்கு. திடீர்னு கை அப்படியே நின்னுடுச்சு. நான் பத்து வயசுல இருந்த அந்த வருஷம்தான் அப்பா வேலை இல்லாம வீட்ல இருந்தார். அன்னைக்கு அவருக்கும் தூக்கம் வராம இருந்திருக்கலாம், கைக்கு ஏதாவது வேலை வேணும்னு பென்சில எடுத்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும், கேக்க அவர் இல்ல.

பாருங்க, சம்பவம் ஒண்ணு, அர்த்தம் மூணு. பென்சில் மாறல, நான்தான் மாறிக்கிட்டே இருந்திருக்கேன்.

இதோட முடிஞ்சிருந்தா நல்ல பதிவா இருந்திருக்கும், லைக்கும் விழுந்திருக்கும். ஆனா போன மாசம் அக்காகிட்ட இதை உருகி உருகி சொன்னேன், அவ முழுசா கேட்டுட்டு, 'டேய் அது அப்பா இல்லடா, அம்மா'ன்னா!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சண்டையே போட்டேன், கட்டைவிரல் கூட எனக்குக் கண்ணுக்கு முன்னாடி தெரியுதுன்னேன். ஆனா தெளிவா தெரியுதுங்கறதுக்காக உண்மைன்னு ஆயிடாது, எங்கயோ படிச்சது அப்போதான் ஞாபகம் வந்துச்சு. 1986ல சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்ச மறுநாளே உல்ரிக் நைஸர்னு ஒரு உளவியல் பேராசிரியர் அமெரிக்கால தன்னோட ஸ்டூடண்ட்ஸ்கிட்ட, நியூஸ கேட்டப்போ எங்க இருந்தீங்க, யார் சொன்னாங்கன்னு எழுதி வாங்கிட்டார். ரெண்டரை வருஷம் கழிச்சு அதுல 44 பேர்கிட்ட அதையே திரும்பக் கேட்டா, 11 பேர் சொன்னது முதல்ல எழுதினதோட எதுலயுமே ஒத்துப் போகல, முழுசா ஒத்துப் போனது வெறும் 3 பேர். தப்பா சொன்னவங்கள்ல நிறைய பேர் அடிச்சு சத்தியம் பண்ற அளவுக்கு உறுதியா இருந்தாங்க, அவங்க கைப்பட எழுதினத காட்டினாலும் பழைய ஞாபகம் திரும்பி வரலயாம். உலகமே பாத்த விஷயத்துக்கே இந்தக் கதின்னா என் பென்சில் எந்த மூலைக்கு.

இதுல இருந்து எனக்கு வந்த ஒரே பழக்கம், தெனம் ராத்திரி ஒரு நோட்டுல ரெண்டு வரி எழுதுறது. என்ன கத்துக்கிட்டேன்னு எழுத மாட்டேன், என்ன நடந்துச்சுன்னு மட்டும்தான். 'பொண்ணு படிக்கட்டுல உக்காந்து ஷூ லேஸ் கூட பேசிக்கிட்டு இருந்தா' இந்த மாதிரி. எழுதுறப்போ இது ஒரு விஷயமான்னு இருக்கும், ஆறு மாசம் கழிச்சுப் படிச்சா அவ்ளோ சுவாரசியமா இருக்கும். ஹார்வர்ட்ல டிங் ஜாங்னு ஒருத்தர் 2014ல இதையே ஆராய்ச்சியா பண்ணி வெளியிட்டிருக்காங்க, சாதாரண நாள எழுதி வச்சுட்டு பின்னாடி எடுத்துப் படிக்கறப்போ வர்ற ஆர்வத்த ஜனங்க முன்கூட்டியே ரொம்ப குறைச்சு மதிப்பிடறாங்கன்னு. விசேஷ நாள் நமக்கு எப்படியும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும், காணாமப் போறது ஒண்ணுமே நடக்காத சாதாரண செவ்வாய்க்கிழமைகள்தான்.

இன்னொண்ணு, சொல்லியே ஆகணும். தயவுசெஞ்சு அடுத்தவங்க துக்கத்துல போய் பாடம் தேடாதீங்க. அப்பா போன மூணாம் நாள் ஒருத்தர் வந்து 'எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்'னார். நல்ல மனுஷன்தான், ஆனா அன்னைக்கு அவர அடிக்கணும் போல இருந்துச்சு.

சரி, பென்சிலுக்கு வர்றேன். அம்மாகிட்டயே கேட்டுடலாம்னு போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணேன். 'பென்சிலா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயேப்பா'ன்னாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவங்களா ஆரம்பிச்சாங்க. 'ஒரு தடவ நான் வெளிய போயிட்டு வர ரொம்ப லேட்டாயிடுச்சு, நீ என் செருப்ப கால்ல மாட்டிக்கிட்டு வாசல்லயே உக்காந்து தூங்கிட்டிருந்த, அப்ப உனக்கு நாலு வயசு, அத நெனைக்காத நாளே இல்லடா'ன்னாங்க.

எனக்கு அதுல ஒரு துளி கூட ஞாபகம் இல்ல.

'இன்னொரு தடவ சொல்லும்மா'ன்னேன்.