பாய்காட் நிலச்சுவான்தார் இல்லை

புறக்கணிப்பதைக் குறிக்கும் ‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல் அயர்லாந்து நிலச்சுவான்தார் ஒருவரின் பெயரிலிருந்து வந்தது என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. சார்லஸ் பாய்காட், மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட ஏஜென்ட். குத்தகை வசூலிப்பதும், கட்டாதவர்களை வெளியேற்றுவதும் அவர் வேலை.

1880 செப்டம்பரில் எனிஸ் ஊர்க் கூட்டத்தில் அயர்லாந்து அரசியல் தலைவர் பார்னெல் பேசியபோது, வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுப்பவனைத் தள்ளிவைக்கத்தான் சொன்னார். ஜனங்கள் அதை ஏஜென்ட் மேலேயே காட்டிவிட்டார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடையில் சாமான் கொடுக்கவில்லை, தபால் வருவதுகூடக் கஷ்டமானது. கடைசியில் அறுவடை செய்ய வடக்கே அல்ஸ்டர் மாகாணத்திலிருந்து சுமார் 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கில் பட்டாளமும் போலீசும்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்புறம், பெயர் வினைச்சொல்லான கதை. ‘ஆஸ்ட்ரசைஸ்’ (ஒதுக்கிவைப்பது) என்றால் குடியானவர்களுக்குப் புரியாதே என்று யோசித்த உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ’மாலிதான் ‘பாய்காட் செய்வோம்’ என்றாராம். இதைப் பதிவு செய்தவர் அவரோடு பேசிக்கொண்டிருந்த அமெரிக்க நிருபர் ஜேம்ஸ் ரெட்பாத். நிருபர் சொன்ன கதை என்பதால் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் அந்த நவம்பரிலேயே லண்டன் ‘டைம்ஸ்’ அந்தச் சொல்லை அச்சிட்டுவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பினார்.